மாவு மில்லின் பாட்டுக்குழு

திருமங்கலத்தில் சோலையம்மாளின் பேரைச் சொன்னால், "மாவு மில்லுப் பொண்ணா?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் கோபம்தான். பதினாறு இளவட்டங்களைச் சேர்த்துப் பாட்டுக்குழு நடத்தியவள் அவள். நானும் அதில் ஒருவன், கட்டைக் குரல்.

1979இல் அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா பேயாண்டியின் மில்லில் மிளகாய் நெடியிலும் பாடிக்கொண்டே அரைப்பாள். அரைக்க வந்தவர்களில் குரல் உள்ளவர்களை அங்கேயே வளைத்துப் போட்டாள். என்னையும் அப்படித்தான், கேப்பைத் தூக்குவாளியும் கையுமாக. சாயங்காலம் ஆறு மணிக்கு அரவை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுவாள். அந்த 'ம்ம்ம்' சத்தம்தான் எங்களுக்குச் சுருதி. ஆர்மோனியம் வாங்க யாருக்கு வக்கு இருந்தது? ஒரே வருடத்தில் டி. கல்லுப்பட்டியில் பள்ளி விழா, மேலூரில் இரண்டு கல்யாணம் என்று வெளுத்துக் கட்டினோம்.

கரண்ட் வீணாகிறது என்று பேயாண்டி கரித்துக்கொட்டுவார். மதுரைப் பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்த அன்று கறாராகச் சொல்லிவிட்டார்: பரிசோடு வந்தால் பாடலாம், வெறுங்கையோடு வந்தால் அன்றோடு பாட்டுக்கு மில்லில் இடமில்லை.

மதுரை தமுக்கம் மைதானத்தில் மேடை ஏறிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மோட்டார் இல்லை! பதினாறு பேரும் பதினாறு சுருதியில் ஆரம்பித்தோம். கூட்டம் சிரித்தது. சோலையம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள். கண்ணை மூடி, உதட்டை இறுக்கி, 'ம்ம்ம்' என்றாள். அச்சு அசல் எங்கள் மோட்டார்! அவள் மூச்சு வாங்கும்போது நான் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் பாடினார்கள். அப்படி ஒரு பாட்டை நாங்கள் அதற்குமுன் பாடியதே இல்லை. சிரித்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பரிசு கிடைக்கவில்லை. பாதியில் நிறுத்தியதற்கு மார்க்கைக் குறைத்துவிட்டார்களாம். அந்த நடுவர்கள் மேல் எனக்கு இன்றும் கடுப்பு ஆறவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு நோட்டுகளை எடுத்து வர மில்லுக்குப் போனோம். அரைக்க வந்தவர்களைக் காலையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, பேயாண்டி தன் கையாலேயே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்து நானும் கூட்டத்துல நின்னேன், ஆத்தா," என்றார் மகளிடம். "நம்ம மோட்டாரு மதுரையில ஓடுச்சு."

சுவிட்சைப் போட்டார்.