இலைக்கடியில் வைத்த கிளிப்

முப்பத்தாறு வயதில், எடுப்பாக இருந்த முன்பற்களைச் சரிசெய்யக் கோயமுத்தூர் டாக்டரிடம் கிளிப் போட்டேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். மாட்டினால் வெளியே தெரியாது, சாப்பிடும்போது கழற்ற வேண்டும். புருஷன் வீட்டாரிடம் மறைத்தே வைத்திருந்தேன். பெண் பார்க்க வந்த நாளிலேயே என் பல்லைப் பற்றிக் காதுபடப் பேசிய கூட்டம் அது.

பல்லடத்தில் புருஷன் வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் கிளிப்பைக் கழற்றி, யாரும் பார்க்காமல் இலைக்கடியில் செருகினேன். பாயசம் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். “மெதுவாச் சாப்பிடுங்க கண்ணு” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை ஆட்டினார்கள். எரிச்சலில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவும்போதுதான் கிளிப் ஞாபகம் வந்தது. ஓடி வந்தால், மேஜைக் காகிதத்தோடு இலைகளைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தார்கள்.

கிளிப் இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் போய், பட்டுப்புடவையோடு எச்சில் இலைகளைக் கிளறினேன். மூத்த நாத்தனார் கூட்டத்தோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க அம்மணி, நகையைத் தொலைச்சுப்போட்டீங்களா?”

“பல்லு கிளிப்புங்க.”

“ரெண்டு புள்ள பெத்தாச்சு. இனி யாருக்குக் காட்டறதுக்குங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். மானத்தை வாங்கும்போதும் அந்த ‘ங்க’ மட்டும் தவறாது.

ரசம் வழிந்த இலைகளுக்கு நடுவே அது கிடைத்தது. குழாயில் நன்றாகக் கழுவி, அவர்கள் முன்னாலேயே மாட்டினேன்.

“கண்ணாடியில நானே பாத்துக்கறதுக்குங்க” என்றேன்.

இந்த ஜென்மங்களுக்குப் பயந்தா மறைத்தேன் என்று நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. எச்சில் இலையைத் தொட்டதுகூட அவ்வளவு அருவருப்பாக இல்லை.