இரண்டு சஹனும் ஒரு கட்டைவிரலும்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நானா எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். நானா என் ஒரே மூத்த சகோதரர். பழைய படம். மாத்தளையில் எங்கள் வீட்டு முற்றம், வாப்பாவின் கடை வேன், அதன் முன்னால் வரிசையாகப் பன்னிரண்டு பேர். மஞ்சளித்துப் போயிருந்ததை ஏதோ ஒரு செயலியில் போட்டுப் புதுசாக்கியிருந்தார். வாப்பாவின் சட்டை நல்ல நீலமாகிவிட்டது. என் பல்லெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ‘எங்கட கோல்டன் ஆகஸ்ட்’ என்று கீழே எழுதியிருந்தார். அதற்குக் கீழே கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் அக்குரணையிலிருந்தும் ஒவ்வொருவராகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

நான் காட்டவில்லை. எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து என் மகன் எட்டிப் பார்த்தான். அந்தப் படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் இருந்தது. கெமராவின் கண்ணுக்கு மிக அருகில் வந்ததால் கலங்கலாக, பழுப்பாக, முக்கால்வாசி நகத்தோடு. அது எங்கள் உம்மாவின் விரல். படத்தை எடுத்தவள் அவள். நானா அந்த விரலைத் துடைத்துவிட்டார். அந்த ஆகஸ்ட் லீவு முழுக்க எடுத்த படங்களில் உம்மா இருந்தது அந்த ஒரு மூலையில் மட்டும்தான்.

எழுதினால் ஆறும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறாவிட்டால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாப்பாவுக்குச் சரக்கு வியாபாரம். உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி, காயவைத்து, கொழும்புக்கு அனுப்புவார். வேன் அதற்காக வாங்கியது. லீவு வந்தால் சாக்குகளை இறக்கிவிட்டு, நாங்கள் உட்கார இரண்டு வாங்குகளைப் பொருத்துவார்கள். எத்தனை தரம் கழுவினாலும் கராம்பு வாசம் மட்டும் போகாது. இன்றைக்கும் பல் டொக்டரிடம் போய் அந்தத் தைல வாசம் மூக்கில் ஏறினால், எனக்குப் பல்லுக்குப் பதில் டூர்தான் ஞாபகம் வருகிறது. போன மாதம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அந்த மனுசன் பயந்துபோனார்.

எங்கள் டூர்க் கூட்டத்தில் வாப்பா, அவருடைய அண்ணன் பெரியவாப்பா, பெரியும்மா, அவர்களுடைய நாலு பிள்ளைகள், வாப்பாவின் தங்கை மாமி, அவர் புருசன் மாமா, அவர்களுடைய ஒரே மகள், பிறகு நானாவும் நானும். பன்னிரண்டு பேர். இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணில் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவதுதானே எங்கள் வழக்கம். பெரிய வட்டத் தட்டு, நடுவில் குவியலாகப் புரியாணி, மேலே கோழி, ஓரத்தில் அச்சாறு. ஆண்கள் சஹனுக்கு ஆறு, பெண்கள் சஹனுக்கு ஆறு. “சரியா ரெண்டு சஹன்,” என்பார் வாப்பா, ஏதோ அவரே அப்படிப் பார்த்துப் படைத்ததுபோல.

அந்த இரண்டு சஹனையும் சமைத்தவள் பதிமூன்றாவது ஆள். அவள் அதில் இல்லை.

எண்ணுகிற வேலை எனக்குக் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு தரம் தம்புள்ளையில், மொத்த வியாபாரச் சந்தைக்கு வாப்பா யாரையோ பார்க்கப் போன இடத்தில், பெரியவாப்பாவின் இரண்டாவது மகனை விட்டுவிட்டு நாலந்தை வரை வந்துவிட்டோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் அவன் பூசணிக்காய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, லொறிக்காரர் ஒருவர் வாங்கிக்கொடுத்த, மீன் வைத்த மாலுபானைத் தின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டு அவனுக்குப் பெரிய சந்தோசம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து வேன் புறப்படுமுன் ஆள் எண்ணும் பொறுப்பு எனக்கு. பத்து வயது. பஸ் கொண்டக்டர் மாதிரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, விரல் நீட்டி, “பன்னிரண்டு, சரி வாப்பா” என்று கத்துவேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

அந்த ஆகஸ்டில் நாங்கள் ஓயவே இல்லை. சுது கங்கையில் குளிப்பு, மாமியின் மைத்துனி கல்யாணம், பெரியவாப்பாவின் மூத்த மகன் குர்ஆன் ஓதி முடித்த விருந்து, தம்புள்ளைக்கு இரண்டு தரம், ரிவர்ஸ்டன் மலைக்கு மூன்று தரம். இடையில் மழை பிடித்த நாட்களில் வீட்டு விறாந்தையில் கரம் போட்டி. எல்லாவற்றுக்கும் உம்மா சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி நெருப்பு மூட்டினாள். நாங்கள் கையசைத்துப் போனால் அவளும் கேற்றில் நின்று கையசைப்பாள். போன பிறகு எங்கள் படுக்கைகளை மடித்து, வாப்பா கடைப் பொடியன்களுக்குச் சொல்லி வைத்த சாப்பாட்டையும் சமைப்பாள். வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும், கடைச் சாவி கேட்டு யாராவது வந்தால் என்ன செய்வது என்பார் வாப்பா. வீட்டைப் பூட்டலாம், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தோன்றாத விசயமா? எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதிலும் கலேவெல டூரை நினைத்தால் வயிறு எரியும். கலேவெல உம்மாவின் சொந்த ஊர். அவளுடைய தம்பி புது வீடு குடிபுகுந்ததற்கு எங்களைக் கூப்பிட்டிருந்தான். அவளுடைய ஊர், அவளுடைய தம்பி. நாங்கள் பன்னிரண்டு பேரும் வேனில் போனோம். உம்மா முதல் நாளே தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி அடுத்த பஸ் பிடித்து, மடியில் ஒரு வட்டிலப்பச் சட்டியோடு போயிருந்தாள். சமைக்க ஆள் வேண்டுமல்லவா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் குசினியில்தான் கண்டேன். “மகள், ரோட்டு நல்லா ஈந்திச்சா?” என்று கேட்டாள். தன் ஊருக்கு வருகிற பாதையை என்னிடம் கேட்டாள்.

அவள் ஆசைப்பட்டது ரிவர்ஸ்டனுக்கு. கலேவெல வெயில் ஊர். குளமும் வயலும் புழுதியுமாக வளர்ந்தவள் அவள். மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் ரத்தோட்டைப் பக்கம் மலையுச்சியில் முகில் உட்கார்ந்திருப்பதைக் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருப்பாள். நாங்கள் ஒவ்வொரு தரம் போய் வந்ததும், என் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு கேட்பாள்: இன்றைக்கு மேலே மிஸ்ட் இருந்ததா, பக்கத்தில் நிற்கிற ஆளையும் மறைக்குமாமே, உண்மையா, வாயைத் திறந்தால் உள்ளே போகுமா. நான் மேலோட்டமாக ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். என் சட்டையைத் தோய்க்கப் போட எடுக்கும்போது அதை அவள் முகத்தில் வைத்துப் பார்த்ததை ஒரு தரம் கண்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தபோது கடைசி டூர். ரிவர்ஸ்டன். முதல் நாள் பின்னேரம் மாமிதான் செய்தி கொண்டுவந்தார், அவர் புருசனுக்குக் காய்ச்சல், வரமாட்டார் என்று. வாப்பா கொஞ்சம் யோசித்தார். ஆண்கள் சஹனில் ஓர் இடம் விழுகிறது. சின்னவள் நான் அந்தச் சஹனுக்கு மாறினால் பெண்கள் சஹனில் உம்மாவுக்கு இடம்.

“அப்ப நீயும் வா,” என்றார்.

உம்மா அன்றைக்கே இளம்பச்சைச் சாரி ஒன்றை எடுத்து அயர்ன் பண்ணினாள். கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற சாரி அது. மலையில் குளிரும், சாரி நனைந்துவிடும் என்று பெரியும்மா சொன்னார். நனையட்டும் என்றாள் உம்மா.

காலையில் சமைத்து முடித்து, இரண்டு சஹனையும் வெள்ளைத் துணியால் மூடி, முடிச்சுப் போட்டு வேனில் ஏற்றி, குளித்து, சாரி கட்டி, எல்லாருக்கும் முந்தி ஏறிப் பின் வாங்கில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள், வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தால் மணக்கக் கொடுப்பதற்கு. அவளை அப்படிச் சும்மா உட்கார்ந்தபடி நான் அதற்கு முன் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நாங்கள் எல்லாரும் ஏறினோம். அப்போது கேற்றைத் திறந்துகொண்டு மாமா வந்தார். கழுத்தில் மப்ளர், முகத்தில் சிரிப்பு. இராத்திரி ஒரு பனடோல் போட்டாராம், காய்ச்சல் பறந்துவிட்டதாம். மாமி நகர்ந்து இடம் கொடுத்தார். மாமா ஏறி உட்கார்ந்தார். கவனியுங்கள், உட்கார்ந்தார். பதிமூன்று பேரும் அந்த வேனுக்குள் இருந்தோம், கதவும் சாத்தக்கூடியதாக இருந்தது.

நான் என் வேலையைச் செய்தேன். விரல் நீட்டி எண்ணினேன்.

“வாப்பா, பதிமூணு. ஒரு ஆள் கூட.”

ஒருவரும் உம்மாவை இறங்கச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை ஒருவரும் குற்றவாளி இல்லை. வாப்பா கண்ணாடியால் பின்னால் பார்த்தார். பெரியும்மா தன் கைப்பையில் எதையோ தேடினார். காய்ச்சலில் எழுந்து வந்த மாமா, நான் வேண்டுமென்றால் நிற்கிறேன் என்று வாய்ப்பேச்சுக்கும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதான நானா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பூச்சி நான், உம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு போயிருக்கலாம். ஒரு சஹனில் ஏழாவது கை பட்டிருந்தால் சோறு என்ன கசந்துவிடுமா? எனக்கு அது தோன்றவில்லை. எண்ணிக்கை பிழைத்துவிட்டது என்பது மட்டும்தான் தோன்றியது.

உம்மா எழும்பினாள். முழங்கால்களுக்கு மேலாக, ஒவ்வொருவராகத் தாண்டி வந்தாள். தேசிக்காயை என் கையில் வைத்தாள்.

“சஹன் ரெண்டுதானே ஈக்கு. எனக்கும் வேல கெடக்கு. நீங்க பெய்த்து வாங்க.”

கதை இதோடு நின்றிருந்தால் எனக்கு வாப்பாவை மன்னிக்கத் தெரிந்திருக்கும். அவர் இறங்கினார். நானும், அடுத்து மற்றவர்களும் இறங்கினோம். ஒரு கணம், உம்மாவை ஏற்றத்தான் இறங்குகிறார் என்று நினைத்தேன். அவர் கெமராவை உம்மாவின் கையில் கொடுத்தார். “எறங்கின எறக்கத்துல எங்க எல்லாரையும் ஒரு போட்டோ எடு.” அதற்கு முன் அவள் கெமராவைத் தொட்டதே இல்லை. எதை அமுக்க வேண்டும் என்று நானா காட்டிக்கொடுத்தார். நாங்கள் வேனுக்கு முன்னால் வரிசையாக நின்று சிரித்தோம். அந்தப் பச்சைச் சாரியோடு அவள் எங்களுக்கு எதிரே நின்று, ஒரு கண்ணை இறுக்கி மூடி, அமுக்கினாள்.

அன்றைக்கு ரிவர்ஸ்டனில் மிஸ்ட் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். உம்மாவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

படம் கழுவி வந்தபோது மூலையில் அந்த விரல். வீடே சிரித்தது. போட்டோ பிடிக்கவும் தெரியவில்லையே என்று பெரியவாப்பா கேலி பண்ணினார். உம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆகப் பெரிதாக.

இப்போது வாப்பா இல்லை, பெரியவாப்பா இல்லை. உம்மா போய் நாலு வருசம். கடைசிக் காலத்தில் ஒரு தரம், மேலே கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். முழங்கால் ஏறாது மகள் என்றாள். வேனை எப்போதோ இரும்புக்கு விற்றார்கள். வீட்டை உடைத்து அந்த இடத்தில் நானா மூன்று மாடி கட்டியிருக்கிறார். சஹனும் எங்கள் வீட்டு டூர்களில் இல்லை. ஆளுக்கு ஒரு பெட்டிச் சோறு. எத்தனை பேர் வந்தாலும் கணக்கு இடிக்காது.

கோப்பையை வைத்த கையோடு நானாவுக்குக் கோல் எடுத்தேன். நான் வாய் திறக்குமுன் அவரே உற்சாகமாகத் தொடங்கினார். படத்துக்கு வந்த வரவேற்பைப் பார்த்து ஒரு யோசனையாம். டிசம்பரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்போது எல்லாரும் ரிவர்ஸ்டன் போகலாமாம், நாற்பது சீட் ஏசி பஸ். “ஆள் எண்ணிச் சொல்லு தங்கச்சி. நீதானே எங்கட எண்ணுற ஆள்.”

பழைய படம் எங்கே என்று கேட்டேன். ஸ்கேன் பண்ணிய பிறகு அல்பத்தோடு வீசிவிட்டாராம். பூஞ்சணம் பிடித்திருந்ததாம்.

“மூலையில ஒரு விரல் ஈந்திச்சு, நானா.”

“ஓ, அதா? அது போட்டோவையே கெடுத்துட்டு ஈந்திச்சே. லேசாப் போயிட்டு.”

நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பிறகு படத்தைப் பெரிதாக்கி அந்த மூலையைப் பார்த்தேன். விரலை எடுத்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று செயலி தானாக எதையோ வரைந்து வைத்திருக்கிறது. ஒரு செவ்வரத்தைச் செடி. மூன்று பூவும் பூத்திருக்கிறது. எங்கள் முற்றத்தில் அந்தப் பக்கம் செடி நின்றதே இல்லை. அது குழாயடி. சாம்பல் தண்ணீர் ஓடி ஓடி ஒரு புல்லும் முளைக்காத இடம். நாங்கள் டூர் முடித்து வந்த பின்னேரங்களில் உம்மா குந்தியிருந்து இரண்டு சஹனையும் கழுவியது அங்கேதான்.