பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஓர் ஒப்பாரி

"…அதான் நானே அழிச்சிட்டேன் தம்பி. உன்னையப் போட்டு எத்தன தடவ கேக்குறது? உனக்கும் வேல வெட்டி இருக்குமில்ல" என்றார் அக்கா. கையில் சுண்ணாம்பு வாளி. நல்ல சேலைக்கு மேலே, காட்டு வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டை. குரலில் ஒரு துளி குத்தல் கிடையாது. திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத வேண்டி வந்திருக்காது.

சுவரைப் பார்த்தேன். அக்கா அழித்திருந்தது வேறொன்றை.

மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் போகிற சாலையில், எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து முச்சந்தியில் இருந்தது அந்த பஸ் ஸ்டாண்டு. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், உள்ளே ஒரு சிமெண்டுத் திட்டு. எண்பதுகளின் நடுவில், தோட்டத்து இளைஞர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அதற்குச் சாயம் அடித்தோம். வெற்றிலைக் கறையும் கெட்ட வார்த்தையுமாய்க் கிடந்த சுவர் அது. "காறித் துப்புற எடத்துல கவிதையா? எழுது எழுது, துப்புறவன் படிச்சிட்டுத் துப்புவான்" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். அவர் வாயிலிருந்து விழுவதை எல்லாம் நான் சிகரெட்டு அட்டையின் பின்னால் எழுதி வைப்பேன். "தலையில குலை விழுந்தவனுக்குத்தான் மரத்து ஒயரம் தெரியும்" என்பதும் அவர் சொன்னதே.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து ஸ்டோரில் களைக்கொல்லி கலக்கிக் கொடுக்கும் வேலை. மற்றபடி எனக்குப் படிப்பு என்றால் ஜனங்களின் பேச்சுதான். யார் வாயைத் திறந்தாலும் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். இதை ஒரு நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அக்கா அடுத்த வீடு. மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. "உதுந்தது பொறுக்குறவளுக்கு அண்ணாந்து பாக்க நேரம் ஏது தம்பி" என்பார். அதுவும் என் அட்டையில் உண்டு. அவர் வீட்டுக்காரர் ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து, இதே முச்சந்தியில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் தோட்டத்து லோரியில் வந்து இறங்கியது உடம்புதான். அன்று அக்கா ஒப்பாரி வைத்ததை நானும் வாசலில் நின்று கேட்டேன்.

"பஸ்ஸேறிப் போனீகளே எம் மவராசா – வந்த
பாத மறந்தீகளோ
பாதிச் சோறு ஆறுதிங்கே எம் மவராசா – ஒங்க
பசியும் மறந்தீகளோ"

கூட இருந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அழுதபடியே சட்டைப் பையில் அட்டையைத் தேடினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துதான் பஸ் ஸ்டாண்டுச் சுவருக்குச் சாயம் அடித்தது. இடது சுவரில் குத்துவிளக்கு ஒன்று வரைந்து 'வருக வருக' என்று எழுதினோம். வலது சுவரில் குப்பை போடாதீர் என்று மலாயில். நடுச் சுவரில் பஸ் படம் ஒன்று. அதன் பக்கத்தில் இரண்டு முழ அகலத்தில் என் கவிதை. 'என்' என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. 'எம் மவராசா'வை எடுத்துவிட்டு, 'பஸ்ஸேறி'யைப் 'பேருந்தேறி'யும் 'மறந்தீகளோ'வை 'மறந்தீரோ'வும் ஆக்கி, கீழே என் பெயரைப் போட்டேன். கேட்டவர்களிடம், "ரவாங் பக்கம் பேக்டரிக்குப் போற புள்ளைங்க ஊர மறக்கக் கூடாதுல்ல, அதான் லா கருத்து" என்று விளக்கமும் சொன்னேன்.

பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோலா சிலாங்கூர் வாத்தியார் ஒருவர் இறங்கி நின்று நோட்டில் எழுதிக்கொண்டார். "போட்டோ எடுத்துப் பேப்பருக்கு அனுப்புவோம் தம்பி, சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிப் போனார். எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்த வாரமே பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். லயத்துக்குள் கைதட்டிக்கொண்டு, 'பசியும் மறந்தீரோ' என்று ஓடிப்பிடித்து விளையாடினார்கள். தண்ணீர்க் குழாயடியில் அக்கா குடத்தை வைத்தபடியே நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏன்டி, இது அன்னிக்கி நீ வச்ச ஒப்பாரியில்ல? சாவு வீட்டுப் பாட்ட, ஜனம் பொறப்பட்டுப் போற எடத்துலயா எழுதி வைப்பாங்க? வெளங்குமா?"

எங்கள் பக்கத்தில் ஒப்பாரியைச் சாவு வீட்டுக்கு வெளியே முணுமுணுத்தால்கூட வாயில் அடிப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? தெரியும். நான் திருத்தி எழுதிவிட்டதால் அது கவிதையாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா என் வாசலுக்கு வந்தார். "தம்பி, நல்லா எழுதிருக்கியாம், எல்லாரும் சொல்றாங்க. ஆனா அழிச்சிருய்யா. ஞாயித்துக்கெழம புக்கிட் பெலிம்பிங்லேருந்து எம் மவ பாப்பாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. பத்து மணி பஸ்ஸு. எறங்குறதே அங்கதான். அந்த மாப்ளயோட அம்மா சகுனம் பாக்குறவங்களாம். முன்னாடி ரெண்டு எடம் பாத்து, பூன குறுக்க போச்சு, வெளக்கு அணஞ்சுதுன்னு திரும்பிப் போயிருக்காங்க."

"நாளைக்கு அழிச்சிடறேன்க்கா."

நாளைக்கு என்றேன், மறுநாளும் நாளைக்கு என்றேன். சனிக்கிழமை போட்டோ எடுத்த பிறகு அழித்தால் போதும் என்பது என் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வரை அந்தத் திட்டில் தலைசீவி உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் வரவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேல்தான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்போதுதான் அக்கா வாளியோடு நின்று, தொடக்கத்தில் நான் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார்.

இடது சுவர் பால் போல் காய்ந்திருந்தது. விளக்கும் இல்லை, வருகவும் இல்லை. நடுச் சுவரில் நான் எழுதியது மட்டும், வெயில் பட்டு, இன்னும் கறுப்பாய்.

"அக்கா… இது இல்லக்கா."

"எது இல்ல?"

"நீங்க அழிச்சது வருக வருகன்னு எழுதினது. உங்களுது நடுவுல இருக்கு."

அக்கா இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "வெளக்கு போட்டிருந்துச்சே தம்பி" என்றார் மெதுவாக. "சாவு வீட்டுல தலமாட்டுல வெளக்கு இருக்குமில்ல. அதான் அதுன்னு நெனச்சேன்."

நான் பிரஷ்ஷோடு நடுச் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா, சிரிக்கிற பாட்டா நாலு சொல்லிருப்பேனே" என்றார். அவ்வளவுதான் அவர் காட்டிய கோபம்.

வாளியைப் பிடுங்கி, அடியில் மிச்சம் இருந்ததை வழித்து நடுச் சுவரில் இழுத்தேன். ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும். ஸ்டோரில் வேலை பார்க்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு வழிய வழிய எழுத்துகள் முன்னைவிடத் துலக்கமாய் எழும்பி வந்தன. என் பெயர் உட்பட. தேய்க்கத் தேய்க்க பளபளத்தன. செம்பனை மரங்களுக்கு அப்பால், வளைவில், பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் என்னமாச்சும் பண்றேன்."

அவர் போக வேண்டியவர்தான். தாலியறுத்தவள் முதல் முகமாய் நிற்கக் கூடாது என்று அவரே முடிவு பண்ணி, வருகிறவர்களை அழைத்துப்போகத் தன் அண்ணனின் மனைவியை ஏற்பாடு செய்திருந்தார். அந்த அம்மாள் குடையோடு இன்னும் பாதி வழியில் வந்துகொண்டிருந்தார்.

பஸ் வளைவு திரும்பியது. கண்ணாடி ஓரத்தில் பூச்சரம் வைத்த தலைகள் தெரிந்தன.

அக்கா முழுக்கைச் சட்டையைக் கழற்றி வாளிக்குள் போட்டார். திட்டின்மேல் ஏறினார். முந்தானையை இரண்டு தோளுக்கும் விரித்துப் பிடித்து, சுண்ணாம்பு வழிகிற அந்த ஈரச் சுவரில், என் நான்கு வரிமேலும் என் பெயர்மேலும், அந்த நல்ல சேலையோடு முதுகை அழுத்தி நின்றுகொண்டு, நின்ற பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார்.