பஞ்ச்கனி ஏற்றத்தில் அறுந்த டைமிங் செயின்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில், சொசைட்டி என்று அங்கே சொல்லும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில். தொண்ணூறுகளின் கடைசி அது. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து, பன்னிரண்டு வருடம் ஓடிய காரொன்றை வாங்கியிருந்தோம். ரிவர்ஸ் எடுக்க நான் ஒரு மாதம் திணறினேன். அவள் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். பிம்ப்ரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் கம்பெனி பஸ்ஸில் போக, கார் அவளிடம் இருந்தது. சொசைட்டியில் காரோட்டிய முதல் பெண் அவள்தான். மாடியில் துணி உலர்த்துகிறவர்கள்கூட அவள் வண்டியைத் திருப்புவதை நின்று பார்ப்பார்கள். அவள் அதைக் கவனிக்காத மாதிரி கவனித்துக்கொண்டே போவாள்.

எஞ்சின் சத்தத்தை முதலில் கேட்டதும் அவள்தான்.

"ஏனுங்க, காத்தால ஸ்டார்ட் பண்றப்ப முன்னாடி சலசலன்னு ஒரு சத்தம் வருதுங்க. ரெண்டு மூணு செகண்டு. அப்புறம் நின்னுருது."

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"போன மாசம் இல்லீங்களே."

நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவன். முடியளவு பிசகியிருந்தாலும் ஒரு துண்டை நிராகரித்துத் தூரப் போடுவதுதான் என் வேலை. கணக்கு டீச்சர் வந்து எனக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்வதா என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. இதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

தீபாவளிக்கு முன் ஆயில் மாற்ற ஆகுர்டியில் இருந்த மெக்கானிக்கிடம் நான்தான் வண்டியைக் கொண்டுபோனேன். மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். வண்டி ஆறட்டும் என்று காத்திருந்து ஸ்டார்ட் செய்தார். அதே சலசலப்பு. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உடனே அணைத்தார்.

"சாப், டைமிங் செயின் டீலா ஹோ கயா."

செயின் தேய்ந்து நீண்டு தளர்ந்துவிட்டது, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் தன் எல்லைக்கு வந்துவிட்டது என்று இந்தியில் விளக்கினார். காலையில் ஆயில் மேலே ஏறும்வரை டென்ஷனருக்குப் பிடிப்பு இருக்காது. தொங்கும் செயின் கவரில் அடித்துக்கொள்கிறது. இப்படியே விட்டால் ஒருநாள் பற்சக்கரத்தில் பல் தாண்டும், இல்லை அறுந்துபோகும். அப்போது மேலே வால்வும் கீழே பிஸ்டனும் மோதிக்கொள்ளும். முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டும், நான்கு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவள் கேட்டாள்.

"சத்தத்தப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஒண்ணுமில்லையாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான்கு நாள் அவளைப் பஸ்ஸில் அனுப்பச் சங்கடமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையில்லை. ஒன்றுமில்லை என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். அது ஒன்றுமில்லாமலே இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அவள் தங்கையும் தங்கை கணவரும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பஞ்ச்கனிக்குக் கிளம்பினோம். "நானே ஓட்டறனுங்க" என்று ஆசையாகக் கேட்டாள். தங்கை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வாயி ஊரைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்ன் அடித்து, இடப்பக்கம் ஒதுங்கி, நிதானமாக ஏறினாள். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றி கிளட்சை விட்டாள். முன்னால் படாரென்று ஒரு சத்தம், அதன்பின் இரும்பு நொறுங்குகிற சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது.

எங்களுக்குப் பின்னாலேயே ஒரு சிவப்பு அரசு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வேகத்தில் அவள் வண்டியை மலைச்சுவர் ஓரமாகத் திருப்பி, பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தாள். "யாராச்சும் எறங்கி டயருக்குக் கீழ கல்லு வைங்க" என்றாள். குரல் பதறவில்லை. அவள் தங்கை கணவர்தான் இறங்கிக் கல் வைத்தார்.

நான் கத்தினேன்.

"கியரத் தப்பாப் போட்டு எஞ்சினையே ஒடச்சுட்டியே!"

"ரெண்டாவதுதானுங்க போட்டேன்."

"போட்ட லட்சணம்தான் தெரியுதே!"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என்ன உடைந்தது, யாரால் உடைந்தது என்று. ஆனாலும் சொன்னதை நான் திருத்தவில்லை. தங்கை கணவர் சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இதானுங்கண்ணா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். காருக்கும் தன் பஸ்ஸுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். அவளிடம், "தாயி, சாங்லி சாம்பாளலி காடி" என்றார். அக்கா, வண்டியை நன்றாகச் சமாளித்தீர்கள் என்று அர்த்தம். தங்கைக்கும் அவள் கணவருக்கும் மராத்தி தெரியாது.

"அவரு என்ன சொல்றாரு மாமா?" என்று தங்கை என்னைக் கேட்டாள்.

"வண்டிய ஓரமா விடச் சொல்றாரு" என்றேன். மராத்தி தெரிந்த என் மனைவி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

வண்டியை ஒரு லாரியில் ஏற்றி ஆகுர்டிக்குக் கொண்டுவந்தோம். அதைப் பிரிக்கிற அன்று தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். மெக்கானிக் ஒரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். அறுந்த செயின், ஆயில் தொட்டியில் கிடந்த, செயினைத் தாங்கும் கைடின் துண்டுகள், வளைந்துபோன வால்வுகள். பிஸ்டன் தலைகளில் பிறை பிறையாக வெட்டுக்காயம். "நான் அப்போதே சொன்னேனே சாப்" என்றார், குறையாக இல்லாமல் வருத்தமாகவே. கியர் மாற்றியதால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். யார் ஓட்டியிருந்தாலும் அன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் அறுந்திருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"என்ன சொன்னாருங்க?"

"உள்ள நெறையப் போயிருச்சு."

"நான் கியர் மாத்துனதுனாலயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். மன்னித்துவிட்டவனைப் போலச் சொன்னேன்.

வண்டி சரியாகி வந்தபின் சாவியை அவள் தொடவில்லை. பள்ளிக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். இரண்டு முறை கேட்டேன். "எதுக்குங்க, பஸ்ஸே வசதியா இருக்குது" என்றாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. கோயம்புத்தூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கதை வந்துவிடும், மலைமேல் எஞ்சினை உடைத்தவள் என்று. அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஏழெட்டு வருடம் கழித்து அந்தக் காரை விற்றோம். வாங்கியவர் ஓட்டிப் போனபின் அவள் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தீபாவளிக்கு முன் மெக்கானிக் சொன்னது, பிறகு தட்டில் காட்டியது, எல்லாம்.

பேனாவை மூடினாள்.

"தீபாவளிக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியும்."

திருத்தியிருந்த தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "என் தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. இப்பவே" என்றாள்.

செய்தேன். தங்கை கணவர்தான் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் பலமாகச் சிரித்தார். "அட விடுங்கண்ணா, அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்குது" என்றார். அந்த வருடம் வைகாசியில்கூட ஒரு பந்தியில் அவரே அந்தக் கதையைச் சொல்லியிருந்தார். போனை வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "சரிங்க" என்று அவள் அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

புதுக் கார் வந்த வாரம் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கும் படிவத்தை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அதை மடித்து அலமாரியில் பழைய காகிதங்களோடு வைத்துவிட்டாள். மறுநாள் காலை, பள்ளியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க, பஸ் வர்ற நேரந்தான்" என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.