கம்பெனி இருமல்

எங்கள் தெருவில் யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து சாம்பல் வரும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வரும், சில நாள் மூக்கைப் பொத்தவைக்கும் ஏதோ ஒரு வாயுவும் வரும். திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு இருமலுக்கெல்லாம் பயந்தால் பிழைப்பு ஓடாது. எங்கள் வீட்டில் அதற்குக் கம்பெனி இருமல் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் நான் தப்பித்துக்கொண்டேன்.

தம்பி மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அவளுக்கு அம்மா இல்லாததால் வளைகாப்பு, பிரசவம் இரண்டும் எங்கள் அம்மா வீட்டிலேயே என்று முடிவாயிற்று. எங்கள் வழக்கப்படி முதல் வளையல் நாத்தனார் போட வேண்டும். அவர்கள் கல்யாணத்தில் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வருஷக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான். இதை விட்டுக்கொடுப்பேனா?

கன்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்குப் பில் போடும் வேலை. அந்த வாரம் பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று டெஸ்டில் வந்திருந்தது. வளைகாப்புக்கு முந்தின நாள் எனக்கும் உடம்பு கொதித்தது. இது கம்பெனி இருமல் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கன்னத்தில் சந்தனம் பூசும்போது அடக்க முடியாமல் இருமினேன்.

"இன்னா அண்ணி, இப்டி இருமுற?"

"கம்பெனி இருமல்மா, புச்சா இன்னா?" என்றேன். அவள் சிரித்துவிட்டு வளையலுக்குக் கையை நீட்டினாள்.

நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த நாள் கட்டிலிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்கியது. "எட்டு மாசத்துல மூச்சு வாங்கத்தான் வாங்கும்" என்றாள் அம்மா. நானும் ஆமாம் போட்டேன். அதில் இரண்டு நாள் வீணாகப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். ஃப்ளூ நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லி, அன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது அதன் முதுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் டியூபோடு கிடந்தது. பெற்றவள் அதைத் தொட்டுப் பார்க்கவே ஒன்பது நாள் ஆயிற்று.

ஆபரேஷனுக்கு முன்னால், அவள் கட்டில் பக்கத்தில் நின்றுதான் டாக்டரம்மா கேட்டார், "வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்துச்சா?"

"யாருக்கும் இல்ல மேடம். இவதான் பிரிட்ஜ தொறந்து தொறந்து ஐஸ்கட்டிய துன்னுகினே இருந்தா" என்றாள் அம்மா.

ஐஸ் தின்றால் இது வராது, யாரோ கொடுத்துத்தான் வந்திருக்கும் என்றார் டாக்டர். நான் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் பழி மட்டும் அவள் மேலேயே நின்றது. குழந்தைக்குச் சளி பிடித்தாலும், எடை ஏறாவிட்டாலும் அம்மாவுக்கு ஒரே பாட்டுதான்: ஐஸ் தின்றவள். அவள் பதில் பேசமாட்டாள். நானும்தான்.

இரண்டாவது பிறந்தநாளன்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா மறுபடி அதையே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. சமையற்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், "அன்னிக்கு எனக்கு ஜுரம்மா. என்னாலதான் உனக்கு வந்துச்சு" என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

"தெரியும் அண்ணி. சந்தனம் பூசும்போதே உன் கை கொதிச்சுது. டாக்டரு கேட்டப்போதான் புரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்வேன்னு பாத்துகினு இருந்தேன். அத்தே திட்டும்போதெல்லாம் உன் மூஞ்சியத்தான் பாப்பேன்." தட்டை என் கையில் கொடுத்தாள். "என்னாண்ட எதுக்கு சொல்ற? அத்தையாண்ட போய் சொல்லு."

அது நடந்து நாலு மாதம் ஆகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.