கோட்டின் மேல் நடந்து வந்தவர்

என் கணவர் அன்றைக்கு மைதானத்தின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்து வந்ததற்குக் காரணம் வீரம் இல்லை. புல்லில் மிதிக்கக் கூடாது என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். இதை நான் வருஷா வருஷம் சொல்கிறேன், ஒருத்தரும் காதில் வாங்குவதில்லை.

நியூ ஜெர்சியில், மூடிக்கிடந்த மில்களும் ஓர் ஆறும் உள்ள சின்ன ஊர் அது. அந்த ஊர் ஃபுட்பால் கிளப்பின் ரசிகர்கள் சீசனின் கடைசி மேட்ச் முடிந்ததும் கிளப் ஹாலில் கூடுவார்கள். பீர், சிப்ஸ், பெரிய பெரிய பேச்சு. மைதானத்தை விற்கப் பார்த்தபோது நாங்கள் உள்ளே இறங்கி உட்கார்ந்து அதைக் காப்பாற்றிய கதையைத்தான் பேசுவார்கள். ஒவ்வொரு வருஷமும் கதைக்குப் புதிதாக ஒரு கை, ஒரு கால் முளைக்கும். ஒருவர் வாயில் என் கணவர் வக்கீல். இன்னொருவர் வாயில், போலீஸ்காரர் காதில் ஏதோ சொல்லி அவரைப் பின்வாங்க வைத்தவர். கையில் ஒரு பிரீஃப்கேஸ் இருந்தது என்று சத்தியம் பண்ணுகிற ஆளும் உண்டு. புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா? அவர் கையில் இருந்தது என் மழை ஜாக்கெட். இவரோ மூலையில் சிப்ஸ் தின்றுகொண்டு, எதையும் மறுக்காமல், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கல்யாணமாகி நான் அங்கே போய் இறங்கியது தொண்ணூறுகளின் நடுவில். தூத்துக்குடியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, ஒரு கான்வென்ட்டில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தவள். அமெரிக்காவில் என் விசாவுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. பேப்பரில் என் பெயருக்கு எதிரே டிபென்டன்ட் என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். கணவருக்கு கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமையும் ஆபீஸ். எங்கள் அபார்ட்மெண்ட் ஆன்ட்டிகள் நல்லவர்கள்தான். ஆனால் யாருக்கு கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தக் கடையில் சேல் என்பதைத் தாண்டி அவர்களுக்கு ஒரு பேச்சு கிடையாது. நாலு மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஒரு சனிக்கிழமை மதியம் சும்மா நடக்கப் போனபோது, மரங்களுக்குப் பின்னால் பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே, கோல் தவறினால் கூட்டம் ஒன்றாக விடுமே ஒரு 'அய்யோ', அது. அதை எந்த ஊரில் கேட்டாலும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் ஃபுட்பால் இல்லாமல் நடக்காது. பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு விட மாட்டார்கள், மொட்டை மாடியில் நின்றே ஆஃப்சைடு வரைக்கும் கற்றுக்கொண்டவள் நான். இங்கே கேட் திறந்து கிடந்தது. உள்ளே போனேன். பத்தாவது நிமிஷம் லைன்ஸ்மேன் தப்பாகக் கொடி தூக்க, என்னையும் அறியாமல் எழுந்து, "ஏ, கண்ணு என்ன பொட்டையா?" என்று கத்திவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போலந்திலிருந்து வந்த குடும்பம், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், என்னைவிடப் பத்து வயது பெரியவள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். அர்த்தம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் கழுத்தில் இருந்த கிளப் மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. அங்கே நான் யாருடைய மனைவி என்று யாரும் கேட்கவில்லை. லெஃப்ட் பேக் ஆட்டக்காரன் ஏன் இப்படிச் சொதப்புகிறான் என்றுதான் கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன், அரை மணி நேரம்.

கணவருக்கு ஃபுட்பாலில் நயா பைசா ஆர்வம் கிடையாது. மேட்ச் முடிந்ததும் கூட்டிப் போக வருவார், காரை விட்டு இறங்க மாட்டார். அவருடைய ஆட்டமெல்லாம் ஒரே ஒரு நீல ஃபைலில். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸோடு எந்த வம்பும் கூடாது, ஒரு டிராஃபிக் டிக்கெட் கூட வாங்காதீர்கள் என்று வக்கீல் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மனிதர். மஞ்சள் லைட்டைத் தூரத்தில் பார்த்தாலே பிரேக்கை மிதிப்பார்.

அந்த வருஷம்தான் மைதானத்துக்காரர் இறந்து, பிள்ளைகள் அதை ஒரு கோடவுன் கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நகர சபை நினைத்தால் தடுக்கலாம், இல்லை தானே வாங்கலாம். நாங்கள் கையெழுத்து வாங்கினோம். சபைக் கூட்டத்துக்குப் போய் மைக் முன்னால் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசினோம். நன்றி, அடுத்து, நன்றி, அடுத்து. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த சீசனின் கடைசி மேட்ச்சில், இடைவேளையில் எல்லோரும் உள்ளே இறங்கி நடுவட்டத்தில் உட்கார்ந்துவிடுவது, விற்பதற்கு முன் ஊரைக் கூட்டி விசாரிக்கிறோம் என்று சபையிலிருந்து யாராவது வந்து சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவானது. அரெஸ்ட் ஆகலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று பஸ் டிரைவர் சொன்னாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பேப்பர் விஷயம் எனக்குத் தெரியும், நீ வெளியே நின்று கத்தினாலே போதும் என்றாள். நான் வருகிறேன் என்றேன்.

யோசிக்காமல் சொல்லவில்லை. விண்ணப்பம் கணவருடையது, வேலை அவருடையது. நான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர். என் பெயரில் கேஸ் வந்தால் என்னைத்தானே அனுப்புவார்கள்? அவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் கார்டு அவருக்கு வந்துவிடும். நான் ஊருக்குப் போய் மறுபடி கெமிஸ்ட்ரி எடுப்பேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வாரம் மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்து, சரிதான் என்று முடிவு செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேட்ச் முடிந்து தோழி வீட்டுக்குக் காபிக்குப் போகிறேன், ஆறு மணிக்கு வந்தால் போதும் என்று பொய் சொன்னேன்.

இடைவேளை விசில் ஊதியதும் இறங்கினோம். ஓடவெல்லாம் இல்லை, சர்ச்சில் கம்யூனியன் வாங்கப் போவதுபோல வரிசையாகத்தான் போனோம். என் வாழ்க்கையில் ஒரு ஃபுட்பால் மைதானத்தின் உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷம். இரண்டு அணி ஆட்டக்காரர்களும் எங்களைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது. நரைத்த மீசை வைத்த ஒரு சார்ஜெண்ட் கையில் மெகாபோனோடு, பத்து நிமிஷம் தருகிறேன், அதற்குமேல் இருப்பவர்களின் பெயரை எழுதுவேன், அப்புறம் வண்டியில் ஏற்றுவேன் என்றார். குழந்தைகளோடு வந்தவர்கள் எழுந்து போனார்கள். மழை தூற ஆரம்பித்ததும் இன்னும் சிலர் போனார்கள். முப்பது, நாற்பது பேர் மிஞ்சினோம்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். தூறல் விழுகிறதே, ஜாக்கெட் எடுக்காமல் போய்விட்டாளே என்று, பாதி வேலையில் ஆபீஸிலிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்திருக்கிறார். கேட்டுக்குள் நுழைந்தவர், நடுவட்டத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு அந்த போர்டைப் படித்தார். பக்கவாட்டுக் கோட்டில் ஏறி, பாதி தூரம் வந்து, நடுக்கோட்டில் திரும்பி, கயிற்றின் மேல் நடக்கிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து எங்களை நோக்கி வந்தார். கேலரி எழுந்து நின்று விசிலடித்தது. எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஏட்டி, கூறு இருக்கா உனக்கு?" என்றார். "எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

"நான் வரல. நீங்க போங்க."

"போலீஸ் நிக்காம்ட்டி."

"தெரியும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

சார்ஜெண்ட் வந்துவிட்டார். நீங்களும் இவர்களோடு சேர்ந்தவரா என்று இவரைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, இல்லை, என்னைக் கூட்டிப் போக வந்தவர், இவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இங்கிலீஷில் படபடவென்று சொன்னேன். அப்படியானால் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் சார் என்றார் சார்ஜெண்ட், மரியாதையாகத்தான். இவர் என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டை என் தோளில் போர்த்தினார். பிறகு பேண்ட்டை முழங்காலில் லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஈரப் புல்லில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆமாம், இவர்களோடு சேர்ந்தவன்தான் என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எந்திரிங்க! கோட்டி கீட்டி புடிச்சிருக்கா? ஒங்க பேர எழுதினா எல்லாம் போச்சு. மூணு வருசம்! அந்த ஃபைலக் கொண்டுபோய் ஆத்துலயா போடப்போறீய?" என்று கத்தினேன். சார்ஜெண்ட் நோட்டை எடுத்ததும் இவர் தன் பெயர், அபார்ட்மெண்ட் நம்பர், தெரு எல்லாம் சொன்னார். கேட்காமலே ஜிப் கோடையும் சொன்னார். இப்படிப்பட்ட மனுஷனை என்னதான் செய்ய?

நாங்கள் போட்ட சண்டைக்கு இடைஞ்சல் பண்ணக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சார்ஜெண்ட் மெதுவாகத்தான் எழுதினார். வண்டியில் ஏற்றுவதற்குள் சபை உறுப்பினர் ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார், தோட்ட வேலை செய்த மண் கையோடு. லோக்கல் டிவி கேமரா முன்னால், விற்பனைக்கு முன் பொது விசாரணை நடக்கும் என்று சொன்னார். எழுந்தோம். கட்டிப்பிடித்தோம், அழுதோம். பஸ் டிரைவர் இவரைத் தூக்காத குறைதான். அடுத்த வருஷம் நகரமே மைதானத்தை வாங்கியது. அந்த நோட்டிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஆனால் வராது என்று தெரியாமல் ஒரு குளிர்காலம் முழுக்க நான் தபால் பெட்டியைப் பயந்துகொண்டே திறந்தேன். கார்டு வர இன்னும் மூன்று வருஷம் ஆனது.

ஹாலில் சொல்லும் கதை இத்தோடு முடிந்துவிடும். அன்றைக்குக் காரில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

பார்க்கிங்கில், அவர் சாவியைப் போடவில்லை. இரண்டு பேரும் ஈரத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம் தணியவில்லை. "கம்பிக்கு அந்தப் பக்கம் போங்கன்னு அந்தாளே சொன்னான். போயிருக்கலாம்லா? நான் ஒருத்தி மாட்டினா போதாதா? ஒங்க கார்டாவது மிஞ்சிருக்கும்" என்றேன். ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த திட்டம் முழுவதையும் அவரிடம் கொட்டினேன். நான் ஊருக்குப் போவது, அவர் இங்கே இருப்பது, எல்லாம்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஒன்னைய மட்டும் அனுப்பிட்டாம்னா, நான் யாருக்குட்டி அந்தக் கார்டு வாங்குதேன்?" என்றார்.

மூன்று வருஷமாக அந்த ஃபைல் அவருடைய ஆசை, நான் அதில் இடையில் சொருகிய ஒரு காகிதம் என்றே நினைத்திருந்தேன். நான் போனபிறகும் இவர் அந்த அபார்ட்மெண்டில் சாப்பிட்டு, தூங்கி, ஆபீஸ் போய் நன்றாகத்தான் இருப்பார் என்று ஒரு வாரம் உட்கார்ந்து முடிவு கட்டியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய்வரை வந்தது, என் திமிர் விடவில்லை. அதன்பிறகு கேட்பதற்கு ஒரு நல்ல நாள் வரவே இல்லை. நான் எழுதுவதை அவர் அச்சில் வந்தபிறகுதான் படிப்பார். அதனால் இங்கே சொல்கிறேன். ஏங்க, மைதானத்தில் போய் உட்கார்ந்ததற்கு நான் வருத்தப்படவில்லை, இன்னொரு தடவை வந்தாலும் உட்காருவேன். உங்களை விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேனே, அதற்குத்தான் மன்னித்துவிடுங்கள்.