தெரிஞ்சுச்சு சார், என்னன்னுதான் தெரியல

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட லேபில் இருந்தவர்கள்: ப்ளஸ் ஒன் பயாலஜி பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த சீனியர் ஆசிரியர் ஒருவர், லேப் அட்டெண்டர் பாண்டி அண்ணன், தற்காலிக ஆசிரியனான நான். இல்லாதவர்கள்: மீட்டிங் என்று மதுரைக்குப் போயிருந்த தலைமையாசிரியர்... அப்புறம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான முத்துமாரியின் அம்மா. அவர் அந்த நேரம் விஸ்வநத்தத்தில், பட்டாசுக் கம்பெனியில் வேலையில் இருந்தார். ஆனால் கடைசியில் பேச்சு அவரிடம்தான் போய் நின்றது.

ப்ளஸ் ஒன் செய்முறைத் தேர்வுக்கு வெளியாள் தேவையே இல்லை. எங்கள் தலைமையாசிரியருக்கு எல்லாம் பக்காவாக நடக்க வேண்டும் – அதனால் அழைத்திருந்தார்.

அன்றைக்குச் சோதனை, கன்னச் செல். உள்கன்னத்தை லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைய வேண்டும். சுரண்டக் குச்சி? மருந்து முக்காத தீக்குச்சிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன!

“செல்லை நல்லாப் பாத்து வரைங்க” என்றேன்.

“ஏலே, நான் புதுசா வாங்குன செல்லு வேணும்னாலும் வரைஞ்சுக்கோங்க. இது பெல்லும் அடிக்கும்” என்றார் பாண்டி அண்ணன். லேப் கொஞ்சம் சிரித்தது.

சிரிக்காதவள் முத்துமாரி. காரணம் உண்டு. இந்த வருஷம் பெயிலானால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் இல்லை, கம்பெனிதான் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள். எங்கள் வீட்டில் நான் முதல் ஆள். அதனால் அந்தப் பயத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேர்வாளர் ஒவ்வொரு தாளாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். எல்லாமே பாடப்புத்தகப் படம். அதே வளைவு, நடுவில் அதே உட்கரு, அதே இடத்தில் அம்புக்குறி. சிலர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்னாலேயே வரைந்து முடித்திருந்தார்கள். ஆளுக்கொரு வாய்... எல்லா வாய்க்கும் ஒரே செல்! எல்லாருக்கும் முழு மார்க்.

முத்துமாரி தாளில் அவர் பேனா நின்றது. அவள் வரைந்த செல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. மேலேயும் சுற்றியும் கருப்பாகப் புள்ளிகள். புள்ளிகளுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

“என்னம்மா இது?”

“தெரியல சார்.”

“தெரியாததை எதுக்கு வரைஞ்ச?”

“தெரிஞ்சுச்சு சார். என்னன்னுதான் தெரியல.”

அவர் குனிந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். புள்ளிகள் இருந்தன. இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

“அழுக்கு. அழிச்சிட்டு ஒழுங்கா வரை. மார்க் போட்டுடறேன்.”

நல்ல மனுஷர்தான். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். ஆனால் இவள் ரப்பரை எடுக்கவில்லை.

“அழுக்குன்னு எப்படி சார் சொல்றீக?”

தேர்வாளர் என்னிடம் திரும்பி, “என்ன சார், இப்படித்தான் பேசக் கத்துக் கொடுத்திருக்கீங்களா?” என்றார்.

“ஆமா சார்” என்றேன். “ஊகிக்கணும், சோதிச்சுப் பாக்கணும், அப்புறம் சொல்லணும்னு முதல் பாடத்துலேயே நாமதானே நடத்துறோம். கொஞ்ச நேரம் கொடுங்க, அவ சோதிக்கட்டும்.”

முத்துமாரி அதற்குள் யோசித்துவிட்டாள். புள்ளி எங்கிருந்து வந்திருக்கும்? குச்சியா, வாயா, கையா?

“சார், நீங்க ஒரு ஸ்லைடு போடணும். உங்க வாயில, உங்க கையாலயே.”

“நானா?”

“அதே கட்டுல எடுத்த புதுக் குச்சிதான் சார். குச்சியில இருந்தா உங்களுக்கும் புள்ளி வரும்ல?”

பாண்டி அண்ணன் குச்சியை நீட்டினார். “லேசா ‘ஆ’ காட்டுங்க சார், ஊசி இல்ல.” அடக்க முடியாமல் பிள்ளைகள் சிரித்தார்கள். தேர்வாளர் முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

அவர் ஸ்லைடில் செல் இருந்தது, புள்ளி இல்லை. அடுத்து முத்துமாரியின் கன்னத்தை நான் சுரண்டி, நானே ஸ்லைடு போட்டேன். செல் இருந்தது, புள்ளி இல்லை. மூன்றாவதில் வாயே கிடையாது – வெறும் சாயச் சொட்டு, கண்ணாடியைத் தொட்டது அவள் விரல் மட்டும். செல் இல்லை. புள்ளி இருந்தது!

“கைதான்” என்றாள். டார்ச் வாங்கி மேலேயிருந்து அடித்துப் பார்த்தாள். கருப்பாக இருந்ததெல்லாம் வெள்ளியாக மின்னியது. அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்தில் கலப்பது.

“காலையில எங்கம்மா சேலையத் துவைச்சேன் சார். எம்புட்டு சோப்புப் போட்டாலும் நகத்துக்குள்ள நின்னுக்கிடும்.”

“நான் சொன்னேன்ல, அழுக்குன்னு? இப்பவாவது அழி.”

இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் அழித்திருப்போம். தோற்றுவிட்டோம் என்று நினைத்திருப்போம். அவள் கேள்விக்குறியை மட்டும் அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: ‘செல்லின் பாகம் அல்ல. என் கையில் இருந்து வந்த அலுமினியத் துகள்.’

தேர்வாளர் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, புரிஞ்சுதான் பண்றியா? இதை யாராவது பார்த்தா, இந்த ஸ்கூல் புள்ளைங்க ஃபாக்டரிக்குப் போகுதுன்னு விசாரணை வரும்.”

“நான் போகல சார். எங்கம்மா போறாக. அவுக அங்கன போறதாலதான் நான் இங்கன நிக்கேன். இதுல மறைக்க என்ன இருக்கு?”

நான் தாளை வாங்கி, ‘இந்தச் சோதனைகள் என் முன்னிலையில் நடந்தன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அறிவியல் என்றால் கண்ணால் பார்ப்பது என்று பாடம் நடத்துகிறோம். பார்த்தவளிடம் ரப்பரை நீட்டுகிறோம்! பார்க்காமல் வரைந்தால் சுத்தம். பார்த்து வரைந்தால் அழுக்கு. அப்புறம் நம் ஊரில் விஞ்ஞானிகள் ஏன் வரவில்லை என்று மேடை போட்டுக் கவலைப்படுகிறோம். வருகிறார்கள் சார்... நாம்தான் அழித்துவிடுகிறோம்.

மறுநாள் மதுரையிலிருந்து திரும்பிய தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். படத்தை மட்டும் மாற்றி வரையச் சொல்லலாமே, இல்லாவிட்டால் மார்க் குறையுமே, பிள்ளையின் நன்மைக்குத்தானே என்றார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவளிடமே நேராகக் கேட்டார். அவளும் மாட்டேன் என்றாள். “பெயிலா சார்?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும், “அப்பச் சரி, மார்க்கக் குறைச்சுக்கிடட்டும்” என்று வகுப்புக்குப் போய்விட்டாள்.

மார்க் லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். செய்முறைத் தேர்வில் மற்ற எல்லாருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது. முத்துமாரி பாஸ் – நாற்பத்து நான்கு.

ஆக, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்ததற்கு ஆன மொத்தச் செலவு: ஆறு மார்க்.